மைனஸ் எஃப் போடுவதற்கு முன்

மறுபடியும் அதே கேஸ். ஒரு அலுவலக சர்வர், ஆறு டிஸ்க், இசட்எஃப்எஸ் (டிஸ்க்குகளை ஒன்றுசேர்த்து நிர்வகிக்கும் ஃபைல் சிஸ்டம்), அதில் ரெய்டு-இசட்2 (சில டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும் அமைப்பு). ஒரு டிஸ்க் போய்விட்டது. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி புது டிஸ்க்கைச் செருகி, 'இசட்பூல் ரீப்ளேஸ்' (பழையதற்குப் பதில் புதியது) கொடுக்க வேண்டிய இடத்தில் 'இசட்பூல் ஆட்' (கூடுதலாக ஒன்று) கொடுத்திருக்கிறார். பூலின் (டிஸ்க்குகள் சேர்ந்த மொத்தத் தொகுப்பின்) அமைப்போடு இது பொருந்தவில்லை என்று இசட்எஃப்எஸ் தடுத்தது. மைனஸ் எஃப் (தடையை மீறிச் செய்யச் சொல்லும் ஆப்ஷன்) போட்டு அதையும் தாண்டிவிட்டார்.

இப்போது காப்பில்லாமல் தனியாகச் சேர்ந்த அந்தப் புது டிஸ்க் போனால் மொத்தப் பூலும் போகும். ரெய்டு-இசட் உள்ள பூலிலிருந்து அதைக் கழற்றவும் முடியாது. (அவசரத்துக்கு இன்னொரு டிஸ்க்கை 'அட்டாச்' செய்து மிரர் (ஒன்றின் நகல் மற்றொன்று) ஆக்கலாம்.) சேர்க்கும் முன் மைனஸ் என் போட்டிருந்தால், பூல் எப்படி மாறும் என்று காட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கும்.

"பேக்கப் எங்கே?" என்று கேட்டேன். "அதான் ரெய்டு-இசட்2 இருக்கே சார்!"

எத்தனை பேரிடம்தான் சொல்வது? ரெய்டு-இசட்2 இரண்டு டிஸ்க் செத்தாலும் தாங்கும். அவ்வளவுதான். யாராவது ஒரு ஃபோல்டரை அழித்தால், ஆறு டிஸ்க்கிலும் சேர்த்தேதான் அழியும். ரான்சம்வேர் பூட்டினாலும் அப்படியே. சரி, ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்தில் டேட்டா இருந்த நிலையின் பதிவு) இருக்கிறதே என்பீர்கள். அழித்த ஃபோல்டரை அது மீட்டுத் தரும். ஆனால் அது இருப்பதும் அதே பூலில்தான். பூல் போனால் அதுவும் போச்சு. வேறொரு இடத்தில் இருக்கும் இன்னொரு மெஷினுக்கு 'இசட்எஃப்எஸ் செண்ட்' வழியே போய்ச் சேர்ந்து, ஒருமுறையாவது திரும்ப எடுத்துப் பார்த்த பிரதிதான் பேக்கப்.

வாரம் ஒருமுறை 'இசட்பூல் ஸ்டேட்டஸ்' பாருங்கள். மாதம் ஒரு ஸ்க்ரப் (எல்லா டேட்டாவையும் படித்துச் சரிபார்ப்பது). பூல் அமைக்கும்போது எஸ்டிஏ, எஸ்டிபி என்று மாறக்கூடிய டிஸ்க் பெயர்களைக் கொடுக்காதீர்கள். சீரியல் எண்ணோடு வரும் பை-ஐடி பெயரைக் கொடுங்கள். இல்லாவிட்டால் செத்ததை விட்டுவிட்டு நல்ல டிஸ்க்கை உருவுவீர்கள்.

கற்றுக்கொள்பவர்களே, தயவுசெய்து அலுவலக சர்வரில் பழகாதீர்கள். ட்ரங்கேட் கமாண்ட் கொண்டு ஒரு ஜிபி அளவில் ஆறு வெற்று ஃபைல்களை உருவாக்கி, அவற்றையே டிஸ்க்காகக் கொடுத்துப் பூல் அமைக்கலாம். அதில் நிறைய டேட்டாவை நிரப்பி, ஒரு ஃபைலின் நடுவே டிடி கமாண்ட் கொண்டு குப்பையை எழுதுங்கள் (நோட்ரங்க் ஆப்ஷனைக் கொடுக்க மறந்தால் ஃபைலே வெட்டுப்பட்டுவிடும்). அப்புறம் ஸ்க்ரப் ஓட்டினால் ஸ்டேட்டஸில் செக்சம் (டேட்டா சரிபார்ப்புப் பிழைகள்) பத்தியில் எண் ஏறும், டேட்டா மட்டும் அப்படியே இருக்கும். பிறகு அந்த ஃபைலை ஆஃப்லைன் செய்து, புதிதாக ஒன்றை வைத்து 'ரீப்ளேஸ்' கொடுத்து, ரீசில்வர் (புதியதில் டேட்டாவை மறுபடி நிரப்புவது) முடியும்வரை ஸ்டேட்டஸைப் பாருங்கள்.