நொறுங்கினால் மக்கிவிட்டது என்று அர்த்தமில்லை

போன வாரம் ஓர் ஆசிரியை எங்கள் பிளாஸ்டிக் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு கவர். பள்ளித் தோட்டத்தில் பிள்ளைகளோடு குழி தோண்டி, ஒரு வருடத்துக்கு முன்னால் புதைத்தது. மடிப்புகளில் மண் அப்பியிருந்தது, ஒரு பக்கக் கைப்பிடி மட்டும் அறுந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்ததும் பச்சை இலைப் படமும், அதற்குக் கீழே ‘100% மக்கும்’ என்ற எழுத்தும் பளிச்சென்று தெரிந்தன. “பிள்ளைகள் கேட்கிறார்கள் சார், என்ன பதில் சொல்ல?” என்றார்.

இந்த ஆண்டு இப்படி வந்த கவர்களை எண்ணுவதையே விட்டுவிட்டேன். அந்தம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. அச்சிட்டிருந்ததை நம்பினார். நம்பும்படி அச்சிட்டவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

மக்கும் என்றால் எங்கே, எவ்வளவு சூட்டில், எத்தனை நாளில்? இந்த மூன்றையும் சொல்லாத வரை அந்தச் சொல்லுக்குப் பொருளே கிடையாது. ஐரோப்பாவின் இஎன் 13432 தரநிலையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கம்போஸ்ட் ஆலைகளை மனதில் வைத்து எழுதியது. சுமார் 58 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்துச் சோதிப்போம். ஆறு மாதத்துக்குள் 90 சதவீத அளவுக்கு அது சிதைந்து கார்பன் டை ஆக்சைடாக மாறியிருக்க வேண்டும். 12 வாரம் கழித்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால், மேலே தங்குவது பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தங்கிய துணுக்குகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கழுவி, உலர்த்தி, எடை போடுவோம். அரை நாள் அதிலேயே போய்விடும். 58 டிகிரி என்பது கையை வைத்தால் சுடுகிற சூடு. தோட்டத்து மண்ணுக்கு அந்தச் சூடு எங்கிருந்து வரும்? அதனால் இந்தச் சோதனையில் நேர்மையாகத் தேறிய பொருள்கூட உங்கள் வீட்டுக் குழியில் அப்படியே கிடக்கலாம்.

அடுத்து நான் அதிகம் கேட்பது: “வெயிலில் போட்டோம் சார், தூள் தூளாகப் போய்விட்டது. அப்படியென்றால் மக்கிவிட்டதுதானே?” இல்லை. சாதாரண பிளாஸ்டிக்கில் ஒரு சேர்மானத்தைக் கலந்தால் வெயிலிலும் காற்றிலும் சீக்கிரம் நொறுங்கும். நொறுங்கிய ஒவ்வொரு துகளும் பிளாஸ்டிக்தான். கண்ணாடி டம்ளர் உடைந்து சிதறினால் கண்ணாடி இல்லாமல் போய்விட்டது என்று சொல்வோமா? மக்குவது என்றால் நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க வேண்டும். நொறுங்கியதைக் கூட்டி அள்ளக்கூட முடியாது என்பதால், என்னைக் கேட்டால் முழுசாகக் கிடக்கும் கவரே மேல். இப்படி நொறுங்கச் சேர்மானம் கலந்த பிளாஸ்டிக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை செய்தது. அதே 2019இல் பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மூன்று வருடம் மண்ணிலும் கடலிலும் கிடந்த பிறகும், மக்கும் என்று விற்ற கவர் சாமான் தூக்கும் வலுவோடு இருந்தது.

பிளாஸ்டிக் பொருள்களின் மேல் இருக்கும் முக்கோண அம்புக்குறியையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நடுவில் 1 முதல் 7 வரை உள்ள எண், அது என்ன வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்கிறது. மறுசுழற்சி நடக்கும் என்ற வாக்குறுதி அதில் இல்லை.

“அப்படியானால் துணிப்பைக்கு மாறிவிடுகிறேன்” என்கிறீர்களா? எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரே தடவை பயன்படுத்தி எறியும் மெல்லிய கவரோடு ஒப்பிட்டால், பருத்திப்பையை 131 தடவையாவது பயன்படுத்தினால்தான் புவி வெப்பமாதல் கணக்கில் சமமாகும். கதவுக்குப் பின்னால் ஏற்கெனவே பத்து தொங்கும்போது, பச்சை இலை போட்டிருக்கிறதே என்று பதினொன்றாவதை வாங்காதீர்கள். தயவுசெய்து.

பொதுவாகப் ‘பசுமை’, ‘இயற்கைக்கு உகந்தது’ என்று மட்டும் போட்டிருந்தால், அந்தச் சொல்லுக்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். இத்தகைய மொட்டைச் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்று, சுற்றுச்சூழல் வாசகங்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 14021 சொல்கிறது. தரநிலை எண்ணும் சான்றிதழ் எண்ணும் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். இல்லையென்றால் தயாரித்தவருக்கு எழுதிக் கேளுங்கள். உண்மையிலேயே சோதனை செய்திருந்தால் அவரிடம் அறிக்கை இருக்கும், அனுப்புவார். மக்கும் பிளாஸ்டிக்கை மறுசுழற்சிக் குப்பையில் கலக்காதீர்கள், நல்ல பிளாஸ்டிக்கையும் அது கெடுத்துவிடும்.

ஆசிரியையிடம் கவரைத் திருப்பிக் கொடுத்து, இன்னொரு குழி தோண்டச் சொன்னேன். ஒரு காய்ந்த இலை, ஒரு தாள், ஒரு பருத்தித் துணித்துண்டு, பக்கத்திலேயே இந்தக் கவர். மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளே தோண்டிப் பார்த்து நோட்டில் எழுதட்டும். புதைத்த தேதியை ஒரு குச்சியில் கட்டி நட்டு வையுங்கள் என்றேன்.