விலைக்கு வாங்கும் இணைப்புகளும் கூகுளின் முதல் பக்கமும்

"ஒரே மாதத்தில் கூகுளில் முதலிடம், ஆயிரம் பேக்லிங்குகள் உத்தரவாதம்" என்ற வகையில் வரும் வாட்ஸ்அப் விளம்பரங்களைப் புதுச்சேரியில் விடுதி நடத்துவோரும், பண்ருட்டி முந்திரி வியாபாரிகளும், கடலூர் மஞ்சக்குப்பத்தில் கிளினிக் வைத்திருக்கும் மருத்துவர்களும் என்னிடம் காட்டி, பணம் கட்டலாமா என்று கேட்கிறார்கள். இணையதளங்களை அமைத்துப் பராமரிப்பவன் என்ற முறையில், கட்ட வேண்டாம் என்றே அனைவருக்கும் பதில் சொல்கிறேன். பேக்லிங்கு என்பது வேறொரு தளம் நம் தளத்துக்குத் தரும் இணைப்பு. முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் தன் வழிகாட்டிப் பக்கங்களில் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. பணம் கொடுத்துப் பெறக்கூடிய இடம் விளம்பரப் பகுதியில் மட்டுமே உண்டு. அங்கு எவ்வளவு செலவழித்தாலும் இயல்பான தேடல் வரிசையில் தளம் ஒரு படிகூட உயராது.

இணைப்புகளுக்கு இத்தனை மதிப்பு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1998இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறை, ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பிறர் மேற்கோள் காட்டுவது போலவே ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. இணைப்பைத் தருகிற பக்கம் எவ்வளவு முக்கியமானதோ, அந்த அளவுக்கு இணைப்பின் எடையும் கூடியது. அந்த எடையைச் செயற்கையாகக் கூட்டுவதற்காகவே ஆயிரக்கணக்கான போலித் தளங்கள் உருவாயின. 2012 ஏப்ரலில் கூகுள் தன் தரவரிசை முறையில் கொண்டுவந்த பெங்குவின் என்ற மாற்றம் அவற்றைக் குறிவைத்தது. 2016 செப்டம்பரில் அது கூகுளின் மையத் தரவரிசை முறையோடு சேர்க்கப்பட்டு, இடைவிடாமல் இயங்கத் தொடங்கியது. ஆகவே இன்று விலைக்கு வாங்கப்படும் இணைப்பு பெரும்பாலும் எந்தப் பயனும் தராமல் ஒதுக்கப்படுகிறது. நிலைமை மோசமானால் கூகுளின் பணியாளர்கள் தளத்தின் மீது நேரடி நடவடிக்கை எடுக்கிறார்கள், தேடலிலிருந்து பக்கங்கள் காணாமல் போகின்றன.

புதுச்சேரியில் ஒரு சிறிய தங்கும் விடுதியின் தளத்துக்கு அப்படித்தான் ஆயிற்று. தளம் வைத்திருப்போருக்குக் கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் இணைப்புகளுக்கான அறிக்கையைத் திறந்து பார்த்தபோது, விடுதிக்குச் சற்றும் தொடர்பில்லாத வெளிநாட்டுச் சூதாட்டத் தளங்களும், வெறும் முகவரிப் பட்டியல்களாலான தளங்களும் வரிசையாக நின்றன. அவற்றைவிட முக்கியமான தடயம், இணைப்பு ஏற்றப்பட்ட சொற்களில் இருந்தது. எல்லாத் தளங்களிலும் "பாண்டிச்சேரி பட்ஜெட் ஹோட்டல்" என்ற ஒரே தொடர். உண்மையில் தங்கிச் சென்றவர்கள் எழுதியிருந்தால் ஒருவர் விடுதியின் பெயரையும், இன்னொருவர் தெருவின் பெயரையும், மற்றொருவர் வெறும் முகவரியையும் இட்டிருப்பார்கள். இந்த நிலையிலிருந்து மீள, அகற்றச் செய்ய முடிந்த இணைப்புகளை அகற்றி, எஞ்சியவற்றை ஏற்கவில்லை என்று கூகுளுக்குக் கோப்பாக அனுப்பி, மறுபரிசீலனை மனு போட்டுக் காத்திருக்க வேண்டும். நடவடிக்கை எதுவும் இல்லாத தளங்களுக்கு அந்தக் கோப்பு பெரும்பாலும் தேவைப்படாது. அதையும் ஒரு சேவையாகக் காட்டி மாதந்தோறும் கட்டணம் வாங்குவது கண்டிக்கத்தக்கது.

கீவேர்டு எனப்படும் தேடுசொற்களைப் பற்றிய தவறான நம்பிக்கைகளும் குறைவில்லை. பக்கத்தின் நிரலுக்குள் கீவேர்டுகளை அடுக்கி எழுதும் மெட்டா குறிப்பைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. இருந்தும் அதை நிரப்புவதற்கு இன்றுவரை பணம் வாங்கப்படுகிறது. ஊரின் பெயர் 2006இல் அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி என்று மாறிய பின்னும் பாண்டிச்சேரி, பாண்டி, புதுவை என்று பலவிதமாகத் தேடுகிறார்கள் என்பது உண்மைதான். அதற்காக ஒரே விவரத்தை ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி நான்கு பக்கங்களாகப் போடுவது கூகுளின் விதிகளுக்கு எதிரானது, தேவையற்றதும்கூட. இந்தப் பெயர்கள் ஒரே ஊரைக் குறிப்பவை என்பதைத் தேடுபொறி அறியும்.

உண்மையான உழைப்பு தேவைப்படுவது வேறு இடத்தில். வாடிக்கையாளர் எந்தச் சொல்லால் கேட்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். சர்ச் கன்சோல் 16 மாதங்களுக்கான தேடல் விவரத்தை வைத்திருக்கிறது. எந்தச் சொற்களுக்கு உங்கள் பக்கம் தோன்றியது, எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். முந்திரி வியாபாரி ஒருவர் தன் முகப்பில் "தலைசிறந்த ஏற்றுமதித் தரம்" என்று எழுதுகிறார். வாங்குகிறவரோ "பண்ருட்டி முந்திரி ஒரு கிலோ விலை" என்றும் "டபிள்யூ 240, டபிள்யூ 320 வித்தியாசம்" என்றும் தேடுகிறார். அந்த எண், ஒரு பவுண்டு எடைக்கு ஏறத்தாழ எத்தனை முழுப் பருப்புகள் நிற்கும் என்பதைக் காட்டுவது; எண் குறையக் குறையப் பருப்பு பெரிது. இதையும், உடைந்த பருப்பு எந்தப் பலகாரத்துக்குப் போதும் என்பதையும், அன்றைய விலையையும் தெளிவாகச் சொல்லும் ஒரு பக்கம் தேடுகிறவருக்கு விடையாகிறது. சமையல் பற்றி எழுதுவோர் அதைப் படித்துவிட்டுத் தாமாகவே இணைப்பும் தருவார்கள். அப்படி வரும் ஓர் இணைப்புக்கு முன்னால் வாங்கிய ஆயிரமும் நிற்காது என்பது என் உறுதியான கருத்து.

விடுதிக்காரரும் அதே வழியில் போகலாம். அரிக்கமேட்டுக்கு எப்படிச் செல்வது, பிச்சாவரத்தில் படகு ஏற எந்த நேரத்தில் கிளம்பினால் நல்லது என்று தாம் அன்றாடம் விருந்தினருக்கு வாயால் சொல்வதைத் தளத்தில் எழுதி வைக்கலாம். தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்புத் தருவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதற்குச் செலவே இல்லை. "இங்கே சொடுக்கவும்" என்பதற்குப் பதிலாக "இருவர் தங்கும் அறையின் கட்டணம்" என்று எழுதினாலே வாசகருக்கும் தேடுபொறிக்கும் தெளிவாகிவிடும். பணம் கொடுத்து ஏதேனும் ஒரு செய்தித்தளத்தில் கட்டுரை போட்டால், அந்த இணைப்பைத் தரவரிசைக்குக் கணக்கிட வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் நோஃபாலோ அல்லது 2019இல் அறிமுகமான ஸ்பான்சர்டு என்ற குறி அதில் இருக்க வேண்டும். குறி இருந்தால் அப்படிக் கட்டுரை போடுவது விதிமீறல் ஆகாது.

மஞ்சக்குப்பத்துக் கிளினிக்குக்கு இவை அனைத்தையும்விட முதலில் வேண்டியது, கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் தொழிலின் விவரங்களைக் காட்டும் பட்டியலான கூகுள் பிசினஸ் புரொஃபைல். அருகிலுள்ளவற்றைத் தேடும்போது பொருத்தம், தொலைவு, அறியப்பட்ட அளவு ஆகிய மூன்றையும் கூகுள் பார்க்கிறது. சரியான முகவரியும், நேரமும், தொலைபேசி எண்ணும் இல்லாத பட்டியலை வைத்துக்கொண்டு பேக்லிங்கு வாங்குவதில் பொருளில்லை.

இதற்குப் பிறகும் ஒரு நிறுவனத்திடம் பணியை ஒப்படைப்பதானால், டொமைன் எனப்படும் தளத்தின் இணைய முகவரியும் சர்ச் கன்சோலின் உரிமையாளர் கணக்கும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். நேர்மையாகச் செய்யப்படும் வேலை பலன் காட்ட நான்கு மாதங்கள் முதல் ஓராண்டு வரை ஆகலாம் என்பதே கூகுள் தரும் கணக்கு. முப்பது நாள் என்று பேசுபவரை அங்கேயே நிறுத்திவிடலாம். எந்தெந்தத் தளங்களிலிருந்து இணைப்புப் பெறப்போகிறார்கள் என்ற பட்டியலை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். அது தொழில் ரகசியம் என்று மறுத்தால், முன்பணம் கொடுக்காதீர்கள்.