மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருகினாலும் எஞ்சின் கண்டுகொள்ளவில்லையா?

வாசகர் ஒருவரின் கேள்வி இது. அவரிடம் இருப்பது நான்கு சக்கரங்களுக்கும் இழுவை உள்ள பழைய ஜீப், 1300 சிசி பெட்ரோல் எஞ்சின். வண்டியோடு வந்த கார்புரேட்டரில் (எஞ்சினுக்குப் போகும் காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கருவி) த்ராட்டில் தண்டு, அதாவது காற்றைத் திறந்து மூடும் தட்டின் அச்சு, தேய்ந்து ஆட ஆரம்பித்ததால், வேறு வகைக் கார்புரேட்டர் ஒன்றை அடாப்டர் தகடு வைத்து மாட்டியிருக்கிறார். வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஓடவும் செய்கிறது. ஆனால் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை முழுக்க மூடினாலும் சரி, திறந்தாலும் சரி, ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் சும்மா ஓடும் நிலை) ஒரு மாற்றமும் இல்லை. ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்தினால் ஒரு கணம் தடுமாறிவிட்டுத்தான் வேகம் எடுக்கிறது. செங்குத்தான மண்மேட்டில் ஏறினால் அணைந்தே போகிறது. புது கார்புரேட்டரே கோளாறா, திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார்.

கொடுக்க வேண்டாம். முதல் இரண்டும் ஒரே நோய், மூன்றாவது வேறு நோய். இரண்டுக்குமே மருந்து சில மில்லிமீட்டர் பெட்ரோலில்தான் இருக்கிறது.

அடிப்படையை வேகமாகத் தாண்டிவிடலாம். குழாயின் குறுகலான இடத்தில் காற்று வேகமாகப் போகும், அங்கே அழுத்தம் குறையும். பெர்னூலி 1738-ல் எழுதி வைத்தது, பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். அந்தக் குறுகலுக்கு வெஞ்சூரி என்று பெயர். அதன் நடுவில் ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மறுமுனை ஃப்ளோட் கிண்ணத்தில், அதாவது ஒரு மிதவை மட்டத்தைக் காக்கும் சிறு கிண்ணத்தில், உள்ள பெட்ரோலில் இருக்கும். கிண்ணத்தின் மேல் வெளிக்காற்றின் முழு அழுத்தம், மூக்கு நுனியில் அதைவிடக் குறைவு, ஆகவே வெளிக்காற்று பெட்ரோலைத் தள்ளி மேலே ஏற்றுகிறது. எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சுகிறது என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் உண்மையில் வேலை செய்வது வளிமண்டலம்தான். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் ரிச், குறைந்தால் லீன். அதிக சக்தி கிடைப்பது 12.5, 13 பக்கம். பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால் கணக்கு மாறும், ஏனென்றால் எத்தனாலுக்கு 9 பங்கு காற்றே போதும். பத்து சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 14.1 பக்கம் வரும், அதனால் பழைய ஜெட்டோடு (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) ஓடும் எஞ்சின் தானாகவே கொஞ்சம் லீனாகிவிடும்.

இவ்வளவும் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அது சொல்லாமல் விட்டுவிடும் ஒரு விஷயம் உண்டு: ஐடிலில் வெஞ்சூரி வேலையே செய்யாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். 1300 சிசி எஞ்சின் 800 ஆர்பிஎம் ஐடிலில் நொடிக்குச் சுமார் 3 லிட்டர் காற்றுதான் எடுக்கும், ஏனென்றால் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கிறது. 24 மில்லிமீட்டர் வெஞ்சூரியில் அந்தக் காற்று போகும் வேகம் நொடிக்கு 6, 7 மீட்டர். அது உண்டாக்கும் அழுத்தக் குறைவு 25, 30 பாஸ்கல். பெட்ரோலை 4 மில்லிமீட்டர் உயரம் தூக்கினாலே பெரிது. மூக்கு நுனியோ கிண்ணத்தின் பெட்ரோல் மட்டத்தைவிட சில மில்லிமீட்டர் மேலேதான் இருக்கும், இல்லாவிட்டால் சும்மா நிற்கும் வண்டியிலேயே பெட்ரோல் வழிந்துவிடும். ஆக ஒரு சொட்டும் வராது. அதே எஞ்சின் முழுத் த்ராட்டிலில் 4000 ஆர்பிஎம் போகும்போது அதே வெஞ்சூரியில் காற்று நொடிக்கு 80 மீட்டர் வேகத்தில் பாயும், பெட்ரோலை அரை மீட்டருக்கு மேல் தூக்கும் அளவுக்கு அழுத்தம் குறையும். வேகம் பன்னிரண்டு மடங்கு என்றால் அழுத்தக் குறைவு அதன் வர்க்கம், நூற்று நாற்பது மடங்குக்கு மேல். இந்த வர்க்கம்தான் கார்புரேட்டரின் பலம், ஐடிலில் அதன் பலவீனமும் இதுவே.

அப்படியென்றால் ஐடிலில் எஞ்சின் எதைக் குடித்து ஓடுகிறது? இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி வருகிறது.

த்ராட்டில் தட்டு மூடியிருக்கும்போது அதன் மேல்பக்கம் கிட்டத்தட்ட வெளிக்காற்றின் அழுத்தம். கீழ்ப்பக்கம் நான்கு சிலிண்டர்களும் மாறி மாறி இழுத்துக்கொண்டே இருப்பதால் ஆரோக்கியமான எஞ்சினில் சுமார் 18 அங்குலப் பாதரசம் அளவுக்கு வெற்றிடம், அதாவது 60,000 பாஸ்கல். வெஞ்சூரியில் 30, அதற்குக் கொஞ்சம் கீழே தட்டைத் தாண்டினால் 60,000. இரண்டாயிரம் மடங்கு! பெட்ரோலை எட்டு மீட்டர் தூக்கும் பலம் அது. இதை வடிவமைத்தவர்கள் கிண்ணத்திலிருந்து தனியாக ஒரு மெல்லிய பாதை போட்டு, ஐடில் ஜெட் வழியாக, நடுவில் கொஞ்சம் காற்றையும் கலந்து, தட்டுக்குக் கீழே ஒரு சின்னத் துளையில் கொண்டுவந்து விட்டார்கள். அந்தத் துளையின் வாயில் நிற்கும் ஊசிதான் மிக்ஸ்சர் ஸ்க்ரூ. நடுவில் கலக்கும் காற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எஞ்சினை நிறுத்திய பிறகு கிண்ணத்துப் பெட்ரோல் சைஃபன் மாதிரி முழுவதும் உள்ளே இறங்கிவிடாமல் அதுதான் தடுக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் சாதாரணம். ஐடிலில் இருந்து மெல்ல ஆக்சிலரேட்டரைத் தொடுகிறீர்கள், தட்டு ஒரு இழை திறக்கிறது, காற்று கூடுகிறது. ஐடில் துளை அதே அளவைத்தான் தரும், வெஞ்சூரி இன்னும் விழிக்கவில்லை. இந்த இடைவெளியை அடைக்க, தட்டின் விளிம்பு வந்து உட்காரும் இடத்தில் சுவரில் ஒரு சின்னப் பிளவு வெட்டியிருப்பார்கள். வெபர் கம்பெனி வகைக் கார்புரேட்டர்களில் பிளவுக்குப் பதில் இரண்டு மூன்று குட்டித் துளைகள் வரிசையாக இருக்கும். ஐடிலில் பிளவின் பெரும்பகுதி தட்டுக்கு மேலே, வெளிக்காற்றின் பக்கம் இருக்கிறது. அதனால் அதிலிருந்து பெட்ரோல் வருவதில்லை, மாறாக அதன் வழியாகக் காற்று உள்ளே போய் ஐடில் பாதையில் கலக்கிறது. தட்டு திறக்கத் திறக்க அதன் விளிம்பு பிளவின் மேல் நகர்கிறது, ஒரு நொடி முன்புவரை காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த அதே துளை வெற்றிடத்தின் பக்கம் வந்ததும் பெட்ரோலை வெளியே விட ஆரம்பிக்கிறது. தனி வால்வு இல்லை, ஸ்பிரிங் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. ஒரு பித்தளைத் தட்டின் விளிம்பும் சுவரில் ஒரு வெட்டும் சேர்ந்து, காற்று எவ்வளவு கூடுகிறதோ அதற்கேற்ற பெட்ரோலை அளந்து விடுகின்றன. பெர்னூலி சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மதிப்பெண் வாங்க வைப்பதற்குப் பதில், பழைய கார்புரேட்டர் ஒன்றை மேசையில் வைத்து மாணவர்களை ஒரு மணி நேரம் பிரிக்க விட்டால் போதும் என்பது என் கட்சி. எந்த ஆய்வகத்துக்கும் இதைவிட மலிவான உபகரணம் கிடைக்காது.

இப்போது அந்த ஜீப்புக்கு வருவோம். ஐடில் நிற்கவில்லை என்று, தட்டு எவ்வளவு திறந்து நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் ஸ்பீடு ஸ்க்ரூவை உள்ளே திருகிக்கொண்டே போயிருக்கிறார்கள். தட்டு திறந்து பிளவு முழுக்க வெற்றிடத்தின் பக்கம் வந்துவிட்டது. எஞ்சின் இப்போது பிளவில் வரும் பெட்ரோலில் ஓடுகிறது, மிக்ஸ்சர் ஸ்க்ரூ விடும் துளி அதற்குக் கணக்கே இல்லை, அதனால்தான் திருகினாலும் கண்டுகொள்வதில்லை. ஆக்சிலரேட்டரை மெதுவாக அழுத்தும்போது தரவேண்டிய பெட்ரோலைப் பிளவு ஏற்கனவே தந்து தீர்த்துவிட்டது, அங்கேதான் அந்தத் தடுமாற்றம். உறுதி செய்ய எளிய வழி உண்டு: எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது ஏர் ஃபில்டரைக் கழற்றி மேலிருந்து பாருங்கள். வெஞ்சூரி மூக்கிலிருந்து பெட்ரோல் சொட்டினால் ஒன்று தட்டு மிகவும் திறந்திருக்கிறது, அல்லது ஃப்ளோட் மட்டம் உயரமாக இருக்கிறது. பார்க்கும்போது முகத்தை மேலே நேராக வைக்காதீர்கள், எஞ்சின் பின்னடித்தால் கண் போய்விடும்.

தட்டை ஏன் அவ்வளவு திறக்க வேண்டி வந்தது? அதைக் கண்டுபிடிக்காமல் ஸ்க்ரூவைத் தொட்டுப் பயனில்லை. இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தால் ஐடிலில் சக்தி இருக்காது. வால்வு இடைவெளி தவறாக இருந்தாலும் அப்படியே. ஆனால் மாற்றுக் கார்புரேட்டர் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது அடாப்டர் தகட்டின் கேஸ்கெட்டைத்தான். தகட்டுக்கு மேலும் கீழும் என்று இரண்டு கேஸ்கெட், போல்ட்டை ஒரே பக்கமாக இறுக்கியிருந்தால் ஏதாவது ஒன்றின் வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவை லீனாகும். எஞ்சின் ஓடும்போது இணைப்பைச் சுற்றித் தண்ணீரை மெல்லப் பீய்ச்சுங்கள், சத்தம் மாறும் இடத்தில் ஓட்டை. எளிதில் தீப்பிடிக்கும் ஸ்ப்ரேயைச் சூடான எஞ்சினில் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அந்தத் தைரியம் இல்லை. அப்புறம் பெட்ரோல் பம்பின் அழுத்தம். வெபர் வகைகளுக்கு 3, 3.5 பிஎஸ்ஐ போதும், அதற்கு மேல் போனால் கிண்ணத்துக்குள் வரும் பெட்ரோலை அடைக்கும் ஊசி வால்வை மீறிக்கொண்டு கிண்ணம் நிரம்பும். நடுவில் ஒரு ரெகுலேட்டர் போடுங்கள்.

இதெல்லாம் சரியான பிறகு எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, சோக் (குளிர்ந்த எஞ்சினுக்காகக் காற்றை மறைக்கும் தட்டு) முழுக்கத் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஸ்பீடு ஸ்க்ரூவை த்ராட்டில் லிவரைத் தொடாத அளவுக்குப் பின்வாங்கி, மறுபடி லிவரைத் தொட்டதும் ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் நிறுத்துங்கள். மிக்ஸ்சர் ஸ்க்ரூவை மெதுவாக, அழுத்தாமல், அடிவரை மூடி இரண்டு சுற்றுத் திறவுங்கள். ஸ்டார்ட் செய்து கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் எஞ்சின் தடுமாறும், அங்கிருந்து கால் சுற்றுப் பின்னால் வந்தால் அதுதான் இடம். முழுக்க மூடினால் எஞ்சின் அணைய வேண்டும், அணையாவிட்டால் தட்டு இன்னும் அதிகம் திறந்திருக்கிறது என்று பொருள். கடைசியில் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்றுக்குள் நின்றால் ஐடில் ஜெட் பெரிது, இரண்டரைக்கு மேல் போனால் சிறிது. ஜெட்டை மாற்றுங்கள், ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டாதீர்கள். எல்லாம் சரியாக இருந்தும் எஞ்சினுக்கு ஐடில் காற்று போதவில்லை என்றால், த்ராட்டில் தட்டிலேயே ஒன்றரை மில்லிமீட்டர் துளை போடும் பழைய வித்தை ஒன்று உண்டு. பிளவைத் திறக்காமல் காற்று மட்டும் கிடைக்கும். கேட்க முரட்டு வைத்தியமாகத் தோன்றும், ஆனால் இயற்பியல் சுத்தமானது.

பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டினால் எல்லாம் சரியாகும், மைலேஜும் கூடும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். பெட்ரோல் மூலக்கூறுகளை அந்தக் காந்தம் ஒன்றும் செய்யாது. அந்தக் காசுக்கு ஒரு வெற்றிட மீட்டர் வாங்குங்கள்.

மலையேறுபவர்களுக்கு ஒன்று. கார்புரேட்டரில் காற்றின் எடையும் பெட்ரோலின் எடையும் சேரும் விகிதம் காற்றின் அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 3000 மீட்டர் உயரத்தில் அடர்த்தி முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு, அதன் வர்க்கமூலம் 0.86. கீழே 14.7 ஆக இருந்த கலவை மேலே 12.7 ஆகிவிடும், தானாகவே ரிச். நேர்விகிதமாக இருந்திருந்தால் 11-க்குக் கீழே போய் கரும்புகையில் முடிந்திருக்கும், வர்க்கமூலம் காப்பாற்றுகிறது. அங்கேயே தங்கப்போகிறீர்கள் என்றால் வெஞ்சூரி மூக்குக்குப் பெட்ரோல் விடும் மெயின் ஜெட் 140-க்குப் பதில் 130 போடலாம். அந்த எண் துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில்.

கடைசியாக மேட்டில் அணைவது. மேலே சொன்ன அந்த சில மில்லிமீட்டர் இங்கே மறுபடி வருகிறது. கிண்ணத்தின் நடுவுக்கும் மூக்குக்கும் இடையே 3 சென்டிமீட்டர் தூரம் என்று வையுங்கள். வண்டி 25 டிகிரி மேட்டில் ஏறினால் மூக்கோடு ஒப்பிடும்போது பெட்ரோல் மட்டம் கிட்டத்தட்ட 14 மில்லிமீட்டர் மாறும். கிண்ணம் எஞ்சினின் முன்பக்கம் பார்த்திருந்தால் ஏறும்போது அது உயர்ந்து, பெட்ரோல் தானாகவே மூக்கில் வழிந்து எஞ்சின் மூழ்கும். பின்பக்கம் பார்த்திருந்தால் மட்டம் தாழும், த்ராட்டில் குறைவாகத் திறந்திருந்தால் மூக்குக்கு எட்டாமல் பட்டினி; நன்றாகத் திறந்திருந்தால் வெஞ்சூரியே தூக்கிவிடும். ஆகவே முதலில் எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். அணைந்தவுடன் கரும்புகையும் பெட்ரோல் வாடையும் இருந்தால் மூழ்கல். மூழ்கல் என்றால், அடாப்டரைத் திருப்பி மாட்ட முடிந்தால் ஏற்றத்தில் சரியாகும், இறக்கத்தில் தொல்லை வரும், ஆனால் இறக்கத்தில் எஞ்சினை வண்டியே சுற்றிக்கொண்டு வருவதால் அது தாங்கக்கூடியது. திருப்ப முடியாவிட்டால் ஃப்ளோட் மட்டத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறக்குங்கள், கிண்ணத்தின் காற்றுக் குழாயை ரப்பர் டியூப் வைத்து ஏர் ஃபில்டருக்குள் உயர்த்துங்கள், குதிக்கும் பாதைகளுக்கு ஸ்பிரிங் வைத்த ஊசி வால்வு போடுங்கள். மட்டம் இறங்கியதால் முழுத் த்ராட்டிலில் கொஞ்சம் லீன் தெரிந்தால் மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றிப் பாருங்கள், அதைவிட அதிகம் தேவைப்பட்டால் ஃப்ளோட்டை அளவுக்கு மீறி இறக்கிவிட்டீர்கள்.