அட்டோல்: ‘பவளத்தீவு’ என்றால் போதுமா?

பசிபிக் பெருங்கடலில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினிக்குத் தனிக்கொடி உண்டு. சட்டென்று பார்த்தால் அமெரிக்கக் கொடி என்றே நினைத்துவிடுவோம். அதே சிவப்பு வெள்ளைப் பட்டைகள், மூலையில் அதே நீலக் கட்டம். கட்டத்துக்குள் எண்ணிப் பார்த்தால் வெள்ளை நட்சத்திரங்கள் 23தான் இருக்கும். வலப்பக்கம் மேலே மூன்று, கீழே இரண்டு என்று கறுப்பு நட்சத்திரங்கள் வேறு. வெள்ளை நட்சத்திரம் ஒவ்வொன்றும் ஒரு தீவு. அப்படியானால் பிகினி என்பது ஒரு தீவா, 23 தீவுகளா?

பிகினி ஓர் அட்டோல் (atoll). அட்டோல் என்பதைப் பவளத்தீவு என்று எழுதிப் பழகியதால் நமக்கு வரும் குழப்பம் இது.

சொல் எங்கிருந்து வந்தது? பசிபிக்கிலிருந்து இல்லை, நமக்குப் பக்கத்திலிருந்துதான். மாலத்தீவின் திவேகி மொழியில் ‘அத்தொளு’. அங்கே இன்றும் மாவட்டத்துக்கு அதுதான் பெயர். 1602இல் அங்கே கப்பல் உடைந்து சில ஆண்டுகள் மாட்டிக்கொண்ட பிரான்சுவா பிரார் என்ற பிரெஞ்சுக்காரர், ஊர் திரும்பி எழுதிய நூலில் இச்சொல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். 1842இல் பவளப்பாறைகளைப் பற்றி டார்வின் எழுதிய நூல் அதை அறிவியல் சொல்லாக்கியது. இராசராசன் மெய்க்கீர்த்தியில் வரும் ‘முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்’ மாலத்தீவைத்தான் குறிக்கிறது என்பார்கள். சோழர் கப்பல்கள் போய்வந்த இடத்துச் சொல் ஐரோப்பா வழியாகச் சுற்றிக்கொண்டு நம்மிடம் வந்திருக்கிறது!

டார்வின் சொன்னது இதுதான்: கடலுக்குள்ளிருந்து எழும்பிய எரிமலையின் கரையைச் சுற்றிப் பவளம் வளர்கிறது. எரிமலை மெல்ல அமிழ்கிறது. வெளிச்சம் தேடும் பவளமோ மேல்நோக்கி வளர்ந்துகொண்டே போகிறது. கடைசியில் மலை மறைந்து, அதைச் சுற்றியிருந்த வளையம் மட்டும் மிஞ்சுகிறது. மார்ஷல் தீவுகளின் எனிவெட்டோக்கில் 1952இல் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. மனிதர் சொன்னது சரிதான்.

ஆக, உடைந்த வளையல் துண்டுகளை வட்டமாக அடுக்கி வைத்தது போன்றது அட்டோல். துண்டுகள்தான் தீவுகள், நடுவில் இருப்பது காயல். மட்டக்களப்புக்காரர்கள் களப்பு என்பார்கள். பிகினியின் காயல் ஏறக்குறைய 600 சதுர கிலோமீட்டர்; நிலமோ எல்லாம் சேர்த்துப் பத்துகூடத் தேறாது. முக்கால்வாசிக்கு மேல் தண்ணீராக இருப்பதைத் தீவு என்று எப்படிச் சொல்வது?

வட்டப் பவளத்திட்டு என்ற சொல் பரவாயில்லை, வட்டமாவது வந்துவிட்டது. பவளத்துக்கு இலங்கையில் வழங்கும் முருகைக்கல் நல்ல சொல், ஆனால் இங்கே பலருக்குப் புரியாது. என்னைக் கேட்டால் ‘பவள வளையம்’ என்பேன். சொன்னவுடன் உருவம் கண்ணில் தெரிகிறது. பவளத்தீவு என்ற சொல்லைத் தூக்கிப்போட வேண்டாம். பவளத்தாலான தனித்தீவுக்கு அது பொருத்தமாக இருக்கும்.

சரி, அந்தக் கறுப்பு நட்சத்திரங்கள்? 1946இல் அணுகுண்டுச் சோதனைக்காகப் பிகினி மக்கள் 167 பேரை அமெரிக்கா வெளியேற்றியது. 1954 மார்ச் 1 அன்று வெடித்த 15 மெகாடன் குண்டில் மூன்று தீவுகள் ஆவியாயின. மேலே இருக்கும் மூன்று அவைதான். கீழே இருக்கும் இரண்டும் அந்த மக்கள் இப்போது வாழும் கிலி, எஜிட் தீவுகள். எஜிட், மஜுரோ வளையத்தின் ஒரு துண்டு. கிலி அப்படியில்லை. அது தனித்தீவு, காயலே கிடையாது. அலை பெருத்த மாதங்களில் படகை இறக்கவும் முடியாது, சாமான் கொண்டுவரும் கப்பல் கரை சேர்வதும் பெரும்பாடு. காயலுக்குள் நிம்மதியாக மீன்பிடித்து வாழ்ந்தவர்களை 1948இல் கொண்டுபோய் இறக்கியது அங்கேதான். பிகினி பவள வளையம். கிலி வெறும் பவளத்தீவு.