நிஷ்: மாடமா, செயல் வாழிடமா?

உயிரினங்களும் சுற்றுப்புறமும் பற்றிய சூழலியலில் வரும் 'நிஷ்' (niche) என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? சுவரில் சிலை வைப்பதற்காகக் குழிவாக விடும் இடத்துக்குப் பிரெஞ்சில் 'நிஷ்' என்று பெயர். ஆங்கிலத்துக்குப் போனபின் சிலர் 'நிச்' என்கிறார்கள், இரண்டும் சரிதான். நம் கோயில் சுவரில் தட்சிணாமூர்த்தி இருக்கும் இடம் கோட்டம். வீட்டில் விளக்கு வைப்பது மாடம் அல்லது பிறை. லத்தீனில் பறவைக் கூட்டைக் குறிக்கும் 'நீடுஸ்' என்பதுதான் இதன் வேர் என்பது பலர் ஏற்கும் கருத்து. மாடப்புறா என்று பெயர் வைத்த நமக்கு அந்த உறவு எளிதில் புரியும்.

1917-இல் அமெரிக்க விலங்கியலாளர் ஜோசப் கிரின்னெல், கலிபோர்னியப் புதர்க்காட்டுப் பறவை ஒன்றைப் பற்றி எழுதிய கட்டுரை இச்சொல்லைச் சூழலியலில் பரப்பியது. அவருக்கு நிஷ் என்பது பெரும்பாலும் ஓர் உயிரினம் வாழும் இடம்தான். 1927-இல் ஆங்கிலேயச் சூழலியலாளர் சார்லஸ் எல்டன், 'எதைத் தின்கிறது, எதற்கு இரையாகிறது' என்று அந்த உயிரினத்தின் செயலை நோக்கிப் பொருளைத் திருப்பினார். 1957-இல் சூழலியலாளர் ஈவ்லின் ஹட்சின்சன் இன்னும் விரித்தார்: வெப்பம், ஈரம், இரையின் அளவு என ஓர் இனம் தாக்குப்பிடிக்கக்கூடிய எல்லா வரம்புகளும் சேர்ந்ததே அதன் நிஷ்.

ஓரிடத்தில் எத்தனை இனங்கள் வாழலாம் என்ற கேள்விக்கு இது எப்படி உதவுகிறது? ஹட்சின்சனின் மாணவர் ராபர்ட் மக்ஆர்தர் 1958-இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். வட அமெரிக்காவின் ஊசியிலைக் காட்டில் ஐந்து வகைக் கதிர்க்குருவிகள் ஒரே மரங்களில் பூச்சி பிடிக்கின்றன. உருவமும் ஏறக்குறைய ஒன்றே. ஒரே வளத்துக்குப் போட்டியிடும் இரண்டில் ஒன்று அழியும் என்பது அப்போதைய பாடம். மக்ஆர்தர் மரத்தை 16 பகுதிகளாகப் பிரித்து, எந்தக் குருவி எங்கே எவ்வளவு நேரம் இருக்கிறது என்று நொடி நொடியாக எண்ணினார். ஒன்று உச்சிக்கிளையின் நுனியில். இன்னொன்று நடுமரத்தில், தண்டுக்கு அருகே. வேறொன்று கீழ்க்கிளைகளிலும் தரையிலும். எல்லைகள் கொஞ்சம் கலக்கத்தான் செய்தன. ஆனாலும் ஐந்தும் பிழைக்க அந்தப் பிரிவினை போதுமானதாக இருந்தது.

1961-இல் அவரும் அவர் சகோதரரும் இன்னொன்றைக் காட்டினார்கள்: அவர்கள் பார்த்த காடுகளில் பறவை வகைகள் கூடுவதற்கு மர வகைகளின் எண்ணிக்கையைவிட, தழை எத்தனை அடுக்காக இருக்கிறது என்பதே முக்கியக் காரணம். பரப்பளவு, மழை, தட்பவெப்பம், இடத்தின் பழைய வரலாறு எல்லாம் வேறு கணக்குகள்; அவற்றை ஒதுக்க முடியாது.

சரி, தமிழில்? பாடநூல்கள் 'செயல் வாழிடம்' என்கின்றன. எல்டன் சொன்ன பொருளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. 'வாழிடம்' என்ற சொல்லோடு குழம்பாமல் இருக்க முன்னால் உள்ள 'செயல்' உதவுகிறது. 'சூழல் மாடம்' அழகான சொல். ஆனால் யாரோ வந்து குடியேறக் காத்திருக்கும் காலிக் குழி போல ஒரு பிம்பம் தருகிறது. உயிரியோடு சேர்த்துத்தான் நிஷ். அதனால் என் ஓட்டு செயல் வாழிடத்துக்கே. வணிகத்தில் வரும் 'நிஷ் மார்க்கெட்' வேறு கதை. அதைச் செயல் வாழிடச் சந்தை என்றால் சிரிப்பார்கள். 'தனித்தேவைச் சந்தை' போதும்.