ஜப்பானில் ஸ்டிரைக் என்றால் கூடுதலாக உழைப்பார்களாமே!

தொழிற்சங்கங்களின் வழக்கறிஞராகப் பேச்சுவார்த்தைகளில் உட்காரும்போது அடிக்கடி காதில் விழும் கதை இது. ஜப்பானில் தொழிலாளிக்குக் கோபம் வந்தால் கையில் கருப்புப் பட்டை கட்டிக்கொண்டு கூடுதல் நேரம் உழைப்பாராம். சரக்கு மலைபோலக் குவிந்து முதலாளி திணறிப்போவாராம். ஷூ கம்பெனியாக இருந்தால் இடது கால் ஷூ மட்டும் தைத்துத் தள்ளுவார்களாம். வாட்ஸ்அப்பில் சுற்றுவது போதாதென்று ஹெச்.ஆர். பயிற்சி வகுப்பிலும் இதைச் சொல்கிறார்கள். கேட்கிற தொழிலாளிக்கு, உரிமை கேட்பதே நம் ஊர்க் கெட்ட பழக்கம் என்று தோன்றிவிடுகிறது.

பட்டை மட்டும் உண்மை. வேலை பார்த்தபடியே கோரிக்கை ரிப்பன் அணியும் வழக்கம் அங்கே உண்டு. ஆனால் அதையும் நிர்வாகங்கள் சும்மா விடவில்லை. டோக்கியோவின் ஒக்குரா ஹோட்டல் ஊழியர்கள் ரிப்பன் அணிந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், பணி நேரத்தில் அப்படி அணிவது நியாயமான சங்க நடவடிக்கை ஆகாது என்று 1982-இல் தீர்ப்பானது.

மற்றபடி ஜப்பானியர்கள் நம்மைப் போலவே வேலையை நிறுத்தித்தான் போராடினார்கள். அங்கே முதல் வேலைநிறுத்தம் என்று சொல்லப்படுவது 1886-இல் கோஃபு நகரப் பட்டு ஆலையில் நடந்தது. வேலை நேரத்தை நீட்டி, கூலியைக் குறைத்ததால் சுமார் 100 பெண்கள் ஆலையை விட்டு வெளியேறி ஒரு கோயிலில் போய்க் கூடினார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது. அப்புறம் 1900-இல் வந்த காவல் சட்டம், வேலைநிறுத்தத்துக்குத் தூண்டுவதையே குற்றமாக்கியது. அதையும் மீறித்தான் 1921-இல் கோபே கப்பல் கட்டும் தளங்களில் சுமார் 30,000 பேர் இறங்கினார்கள். நோடாவில் சோயா சாஸ் தொழிலாளர்கள் 1927-28-இல் 200 நாட்களுக்கும் மேல் தாக்குப்பிடித்தார்கள்.

போருக்குப் பிறகு சட்டம் மாறியது. அரசியலமைப்பின் 28-வது பிரிவு சங்கம் சேரவும், கூட்டாகப் பேரம் பேசவும், போராடவும் உரிமை தந்தது. நியாயமான வேலைநிறுத்தத்தால் வந்த நஷ்டத்தைச் சங்கத்திடம் முதலாளி கேட்க முடியாது. ஆனால் 1947 பிப்ரவரி 1-இல் தொடங்கவிருந்த பொது வேலைநிறுத்தத்தை முந்தைய நாளே, ஜப்பானை அப்போது தன் பிடியில் வைத்திருந்த அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் தடை செய்தார். சங்கத் தலைவர் இயி யாஷிரோ வானொலியில் அழுதபடி அதை அறிவித்தார். அடுத்த ஆண்டே அரசு ஊழியர்கள் வேலைநிறுத்த உரிமையை இழந்தார்கள். இன்று வரை அது திரும்பவில்லை.

‘அமைதியான ஜப்பான்’ எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது மீகே நிலக்கரிச் சுரங்கத்தைத்தான். எண்ணெய் வந்து நிலக்கரியின் மவுசு குறைந்த காலம். மிட்சுயி நிறுவனம் 1,278 பேரை வீட்டுக்கு அனுப்ப முடிவெடுத்தது. அதில் சங்கத்தின் முன்னணி ஆட்கள் குறிவைத்துச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். 1960 ஜனவரியில் நிர்வாகம் கதவடைப்புச் செய்ய, சங்கம் காலவரையற்ற வேலைநிறுத்தம் அறிவித்தது. மனைவிமார்களும் மறியலில் நின்றார்கள். மார்ச்சில் சங்கம் உடைந்து போட்டிச் சங்கம் முளைத்தது. (இந்த வித்தை எங்கும் ஒன்றுதான்.) அதே மாதம் அடியாட்கள் ஒரு தொழிலாளியைக் குத்திக் கொன்றார்கள். நவம்பரில் சங்கம் தோற்று வேலைக்குத் திரும்பியது. மூன்று ஆண்டு கழித்து, 1963 நவம்பரில், அதே மீகேயில் நிலக்கரித் தூசி வெடித்து 458 பேர் இறந்தார்கள்.

இன்னொரு பக்கம், நிறுவனவாரியாகப் பிரிந்து கிடந்த சங்கங்கள் 1955 முதல் ‘ஷுந்தோ’ என்ற வசந்தகாலப் போராட்டத்தில் ஒரே சமயத்தில் கோரிக்கை வைக்கத் தொடங்கின. ஒரு கம்பெனி மட்டும் கூலியைக் கூட்டினால் போட்டியில் பின்தங்கிவிடும் என்ற சாக்குக்கு அதுதான் பதில். எண்ணெய் விலை எகிறிய பின் 1974-இல் அரைநாளோ அதற்கு மேலோ நீடித்த வேலைநிறுத்தங்கள் 5,000-ஐத் தாண்டின. பெரிய நிறுவனங்களில் ஊதியம் சுமார் 33 சதவீதம் ஏறியது. அடுத்த ஆண்டு, வேலைநிறுத்த உரிமை கேட்டு தேசிய ரயில்வே ஊழியர்கள் எட்டு நாள் ரயில்களை நிறுத்தியும் அரசு மசியவில்லை. அதன் பிறகு இறங்குமுகம்தான். சமீப ஆண்டுகளில் அப்படிப்பட்ட வேலைநிறுத்தங்கள் ஆண்டுக்கு 50-ஐக்கூடத் தொடுவதில்லை.

இந்தக் குறைந்த எண்ணிக்கையைக் காட்டி, போராட மாட்டோம் என்று உங்களிடம் ஒப்புதல் கேட்டால், ஷுந்தோ போன்ற கூட்டுப் பேரத்தையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். 2024-இல் அந்தப் பேரத்தில் கிடைத்த சராசரி உயர்வு 5 சதவீதத்துக்கு மேல். வேலையை நிறுத்தினால் எப்போதும் ஜெயம் என்றும் நான் சொல்லமாட்டேன். 2023 ஆகஸ்ட் 31-இல் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் செய்பு பல்பொருள் அங்காடியை, நிறுவனம் விற்கப்படுவதை எதிர்த்து ஊழியர்கள் ஒருநாள் மூடினார்கள். அந்தத் துறையில் சுமார் 60 ஆண்டுகளில் அதுவே முதல் வேலைநிறுத்தம். மறுநாளே நிறுவனம் கைமாறிவிட்டது.

வேலை செய்துகொண்டே போராடிய நிஜ உதாரணம் வேண்டுமா? 2018-இல் ஒக்கயாமா பஸ் ஓட்டுநர்கள் வழக்கம்போல வண்டியை ஓட்டினார்கள், பயணிகளிடம் கட்டணம் மட்டும் வாங்கவில்லை. 1945 டிசம்பரில் கெய்செய் ரயில் ஊழியர்களும் இதையே செய்தார்கள். அதில் முதலாளிக்கு ஒரு பைசா வரவில்லை.