எமர்ஜென்சி இடம் மாறினால் ஆம்புலன்ஸ் என்னவாகும்?

மருத்துவமனையின் எமர்ஜென்சி, அதாவது அவசர சிகிச்சைப் பிரிவு, வேறு ஊருக்குப் போகிறது என்று அறிவிப்பு வந்ததும் மக்கள் கேட்பது, "இனி எவ்வளவு தூரம் போகணும்?" என்றுதான். ஆம்புலன்ஸில் வேலை செய்யும் எனக்கு அதைவிடப் பெரிய கவலை, போன வண்டி எப்போது திரும்பி வரும் என்பது.

வேல்ஸில் 2020 நவம்பரில் கும்ப்ரான் அருகே கிரேஞ்ச் பல்கலைக்கழக மருத்துவமனை திறக்கப்பட்டது. நியூபோர்ட்டின் ராயல் க்வென்ட், அபெர்கவெனியின் நெவில் ஹால் ஆகிய இரண்டின் அவசர சிகிச்சைப் பிரிவுகளும் அங்கே போய்விட்டன. பழைய இடங்களில் சிறு காயங்களுக்கான பிரிவுகள் இயங்குகின்றன. அபெர்கவெனியிலிருந்து கிரேஞ்சுக்கு 20 கிலோமீட்டருக்கு மேல்.

நோயாளிக்கு அது ஒருவழிப் பயணம். வண்டிக்கு அப்படியில்லை. போகும்போது 20 நிமிடம் கூடினால் வரும்போதும் கூடும். நடுவே நோயாளியை ஒப்படைக்க வேண்டும். அதற்கு 15 நிமிடம்தான் இலக்கு, ஆனால் பிரிட்டனின் பல மருத்துவமனை வாசல்களில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கின்றன. இரண்டு வாசல்களில் பிரிந்து நின்றவை இப்போது ஒரே வாசலில்.

அப்புறம், வெளியே அதிகம் பேசப்படாத ஒன்று. வண்டி காலியானதும் கட்டுப்பாட்டு அறை அதை அதன் ஊருக்கு அனுப்பாது, பக்கத்தில் காத்திருக்கும் அடுத்த அவசர அழைப்புக்குத்தான் அனுப்பும். அதுவும் சரிதான், அங்கேயும் ஒரு உயிர். ஆனால் இப்படியே போனால், சாயங்காலத்துக்குள் தொலைவான ஊர்களின் வண்டிகளும் புதிய மருத்துவமனையைச் சுற்றியே ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஊர்களில் யாருக்காவது மூச்சு நின்றால், வண்டி வெகுதூரத்திலிருந்து வர வேண்டும்.

இடமாற்றமே தவறு என்று நான் சொல்லவில்லை. லண்டனில் 2010இல் பக்கவாத சிகிச்சையை 8 சிறப்பு மையங்களில் குவித்தபின் இறப்பு குறைந்தது. இங்கிலாந்தில் 2009–2011இல் மூடப்பட்ட 5 எமர்ஜென்சிகளை ஆராய்ந்த ஷெஃபீல்ட் பல்கலைக்கழகக் குழுவுக்கும், அதனால் இறப்பு கூடியது என்பதற்கு நம்பகமான சான்று கிடைக்கவில்லை. நான் கேட்பது, கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கும்போதே கூடுதல் வண்டிகளுக்கும் ஆட்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்பதைத்தான். திறப்புவிழா முடிந்தபின் யோசித்தால் அந்த இடைவெளியில் தவிப்பது நோயாளிகள்.

உங்கள் ஊரில் இப்படி நடந்திருந்தால், பழைய மருத்துவமனையில் இப்போது என்னென்ன பார்க்கிறார்கள் என்று இன்றே கேட்டு வையுங்கள். சுளுக்கு, சின்ன வெட்டுக்காயம் என்றால் சிறு காயப் பிரிவு போதும். நெஞ்சுவலி, முகம் ஒருபக்கம் கோணுதல், பேச்சுக் குழறல் என்றால் பழக்கதோஷத்தில் காரை அங்கே விடாதீர்கள், பிரிட்டனின் அவசர எண்ணான 999ஐ அழையுங்கள். அங்கே போய்ச் சேர்ந்தாலும் எமர்ஜென்சிக்கு மாற்ற இன்னொரு ஆம்புலன்ஸ் வர வேண்டியிருக்கும்.